மழைமானிக்குப் பதில்

கேரிக்-ஆன்-ஷானன்
24 ஜனவரி 2010

அன்புள்ள மாலகி,

இங்கே மூவரும் நலம். ரோஷினுக்கு இருமல் விட்டுவிட்டது. குழாயில் தண்ணீர் உறைந்து பத்து நாள் திண்டாடினோம், இப்போது வருகிறது. நீயும் இஷ்பெலும் எப்படி இருக்கிறீர்கள்? கிறிஸ்துமஸுக்கு அவள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நீ சொன்னதும் ரோஷினுக்கு முகம் வாடிவிட்டது. அவளுக்கென்று ஒரு கட்டுப் படம் வரைந்து வைத்திருந்தாள்.

தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். எங்கள் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியும். மாடியில் தும்மினால் அடுப்படியிலிருந்து ஆசீர்வாதம் சொல்லலாம். மின்னஞ்சலும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அதனால் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் கடை முகவரிக்கே அனுப்பு.

டோனலைப் பற்றித்தான். இந்தக் குடியிருப்பைக் கட்டியவர் திவாலானதிலிருந்து அவருக்குச் சரியான வேலை இல்லை. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் மின்கம்பி இழுத்தது அவர்தான். கடைசிப் பதினெட்டு வீட்டுக்குக் கூலி வரவேயில்லை. இன்றைக்கு ஆறு வீட்டில்தான் ஆள் இருக்கிறது. தெருவிளக்கு எரிவதில்லை. காலையில் ரோஷினைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், அவளைத் திரும்ப அழைத்து வரத்தான் எழுந்திருக்கிறார். வீட்டு விலை, வீட்டுக்கடன் என்று நாடே வந்து சண்டை போடும் ஒரு விவாதத் தளம் அது. அதில் இவர் பெயர் 'வயர்மேன்'. 'மழைமானி' என்று ஒருவன் இருக்கிறான். அவனோடுதான் நாளெல்லாம் மல்லுக்கு நிற்கிறார். விலை சரியும் என்று நான்கு வருஷத்துக்கு முன்பே சொன்னவனாம். அங்கே அவனைத் தீர்க்கதரிசி மாதிரி கொண்டாடுகிறார்கள்.

"உன் தம்பி ஆபீஸ்ல மழை அளக்கிற ஆள் யாராவதா இருக்கும்" என்று டோனல் சிரித்தார். நானும் சிரித்தேன்.

போன வாரம் மழைமானி ஒரு புகைப்படம் போட்டிருந்தான். பனி மூடிய, பாதியில் நின்றுபோன ஒரு குடியிருப்பு. மாடி ஜன்னலிலிருந்து எடுத்திருக்கிறான். நல்ல படம்தான்.

நீ டோனலிடம் ஒரு வார்த்தை சொல்லேன். உன் பேச்சுக்கு அவர் மதிப்புக் கொடுப்பார். இஷ்பெலைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
ஊனா

*

கிளாஸ்கோ
7 பிப்ரவரி 2010

அன்புள்ள ஊனா,

உன் கடிதம் கிடைத்தது. ரோஷினின் இருமல் போனதில் நிம்மதி. நான் நலமாக இருக்கிறேன். பனி உருகி நீர்த்தேக்கம் எல்லாம் விளிம்பு தட்டுவதால் அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை.

டோனலைப் பற்றி நீ கவலைப்படுவது புரிகிறது. அந்த மாதிரித் தளங்களை நானும் எப்போதாவது எட்டிப் பார்ப்பதுண்டு. வேலை வெட்டி இல்லாதவர்கள் கூடிக் கத்தும் இடம். (டோனலைச் சொல்லவில்லை.) பெயர் தெரியாதவனோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை; கொஞ்ச நாள் போனால் அவருக்கே சலித்துவிடும். வெளியே நடந்துவரச் சொல். நான் பேசினால், நீ சொல்லித்தான் பேசுகிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார். அதனால் வேண்டாம்.

வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்பைப் பழுது பார்த்தீர்களா? குளிரில் ஜாக்கிரதை.

அன்புடன்,
மாலகி

*

கேரிக்-ஆன்-ஷானன்
21 பிப்ரவரி 2010

அன்புள்ள மாலகி,

நலம். நீயும் நலம் என்று எழுதியிருந்தாய். இஷ்பெலைப் பற்றி ஒரு வரி எழுத மறந்துவிட்டாய்.

டோனல் நடக்கப் போகவில்லை. வியாழக்கிழமை மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்துவிட்டார். மழைமானி புதிதாக எழுதியதை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது:

'எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். 2006இல், விலை உச்சத்தில் இருந்தபோது, இரண்டு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் யூரோவுக்கு வாங்கினார்கள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு கணப்பு எண்ணெயை மிச்சம் பிடிக்க மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு வான்கோழி சாப்பிட்டார்கள். சுவரில் மட்டும் ஆளுயரத் தொலைக்காட்சி. இவர்கள் கையைப் பிடித்து யாரும் கையெழுத்து வாங்கவில்லை.'

கீழே நூற்று முப்பது பேர் எழுதியிருந்தார்கள். முக்கால்வாசி சிரிப்பு. குளிர் காயக் கோட்டுப் பையில் சுட்ட உருளைக்கிழங்கு வைத்திருப்பார்கள் என்றான் ஒருவன்.

"பாவம், யாரோ நம்மள மாதிரியே" என்றார் டோனல். பிறகு எழுந்து தட்டுகளைக் கழுவப் போய்விட்டார்.

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னேனோ என்னவோ. குடியிருப்பைக் கட்டியவர் கடைசி மாதக் கூலிக்குப் பதிலாக, மாதிரி வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போகச் சொன்னார். டோனல் அதைக் கம்பளியில் சுற்றித் தோளில் சுமந்துகொண்டு வந்தார். விற்கப் பார்த்தோம், வாங்க ஆளில்லை. அந்தக் குடும்பத்துத் தொலைக்காட்சிக்கும் ஏதாவது கதை இருக்கும்.

நீ படித்தவன், கேட்கிறேன். ஒருத்தர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து அப்படி எழுதுகிற ஆள் எப்படிப்பட்டவனாக இருப்பான்?

அன்புடன்,
ஊனா

*

கிளாஸ்கோ
28 மார்ச் 2010

அன்புள்ள ஊனா,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம், நடுவில் காய்ச்சல் வேறு. இப்போது பரவாயில்லை. நீங்கள் எல்லோரும் நலமென்று நம்புகிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஒருவேளை அந்த ஆள் மற்றவர்களை எச்சரிக்க நினைத்திருக்கலாம். நான்கு வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் யாரும் கேட்கவில்லை என்றால் மனிதனுக்குக் கசப்பு வராதா? வாடகை வீட்டில் இருப்பவர்களை அப்போது எல்லோரும் எவ்வளவு இளக்காரமாகப் பேசினீர்கள். உங்கள் புதுமனை விருந்தில் டோனல் சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "வாடகை கொடுக்கிறவன் அடுத்தவன் கூரைக்கு ஓடு வாங்கிக் கொடுக்கிறான்." அறையே சிரித்தது. என் பக்கத்தில் இஷ்பெல் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

இதெல்லாம் பழைய கதை. எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. ஈஸ்டருக்கு வர முடியாது. ரோஷினுக்குச் சாக்லேட் முட்டை தபாலில் அனுப்பியிருக்கிறேன், உடையாமல் வந்தால் சரி.

மாலகி

*

கேரிக்-ஆன்-ஷானன்
14 ஏப்ரல் 2010

மாலகி,

முட்டை உடைந்துதான் வந்தது. ரோஷின் அப்படியே சாப்பிட்டுவிட்டாள். நலம் விசாரிப்பதை இன்றைக்கு இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மதியம் அவள் தார் போடாத பின் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். காரில் ஒரு ஆள் வந்தான். கையில் பெரிய கேமரா. இங்கே எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டானாம். இவள் விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருக்கிறாள். எந்த வீடு உன்னுடையது என்று கேட்டதற்குக் கையும் காட்டியிருக்கிறாள். "நல்ல மாமாம்மா, என் சைக்கிள் அழகா இருக்குன்னாரு" என்று என்னிடம் வந்து சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் தளத்தில் வந்துவிட்டது. வேலி, மண்மேடு, அதன் முன்னால் சைக்கிளோடு என் பிள்ளை. மழைமானி ஜனவரியில் போட்ட படத்தை வைத்து அந்தக் கேமராக்காரன் இடத்தைக் கண்டுபிடித்தானாம். மழைமானி சொன்ன மேல்கோட்டுக் குடும்பம் இதுதான் என்று தலைப்பு. அப்பன் ஆத்தாள் முட்டாள்தனத்துக்கு இந்தக் குட்டி ஐம்பது வயது வரை கடன் கட்டும் என்று ஒருவன் எழுதியிருந்தான். அவளுக்கு ஏழு வயது, மாலகி. இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

ஜனவரிப் படம் ரோஷின் அறை ஜன்னலிலிருந்து எடுத்தது. கிறிஸ்துமஸ் அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் "ஒரு நிமிஷம், வெளிச்சம் நல்லா இருக்கு" என்று கேமராவோடு மேலே ஓடினாய். உன் தட்டு ஆறிவிடக்கூடாதென்று நான் மூடி வைத்தேன்.

பார்த்த அன்றே எனக்குத் தெரியும். நீயாகச் சொல்வாய் என்று மூன்று மாதம் காத்திருந்தேன். டோனலுக்குத் தெரியாது. அவர் தன் மச்சினன் ஒருவனாவது தன்னை மதிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதையும் பிடுங்க எனக்கு மனமில்லை.

ஊனா

*

கிளாஸ்கோ
19 ஏப்ரல் 2010

ஊனா,

நான்தான்.

ரோஷின் படத்தை எடுத்துவிடும்படி தளத்து நிர்வாகிக்கு ஞாயிறன்றே என் சொந்தப் பெயரில் எழுதினேன். இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். மழைமானியின் கணக்கை மூடிவிட்டேன். இதையெல்லாம் சொல்வதால் எதுவும் நேராகாது என்று தெரியும்.

வயர்மேன் டோனல்தான் என்பது உன் முதல் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பற்றி எழுதியது அதற்குப் பிறகுதான். அன்று அவர் என்னை 'கணக்குப் போட்டே வாழ்க்கையைத் தவறவிட்டவன்' என்று எழுதியிருந்தார். அவருக்கு அது நான் என்று தெரியாது. எதிராளியைக் குத்த ஏதோ எழுதினார். ஆனால் சரியான இடத்தில் பட்டுவிட்டது. கையில் கிடைத்ததை எடுத்து வீசினேன். கிடைத்தது நீங்கள்.

இஷ்பெல் போய் ஒன்றரை வருஷமாகிறது. அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், உறவுக்காரர்களோடு இருக்கிறாள் என்று இரண்டு கிறிஸ்துமஸாக உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, பூங்காவைப் பார்த்த இரண்டு அறை. ஒவ்வொரு முறையும் நான் வரைபடத்தைக் காட்டி, பொறு, விலை விழும் என்றேன். ஐந்து வருஷம் பொறுத்தாள். கடைசியில், "நீ சொல்றது சரிதான் மாலகி. எப்பவுமே சரிதான். எனக்கு முப்பத்தெட்டு ஆயிடுச்சு" என்றாள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அதே மாதம்தான் இங்கே கிளாஸ்கோவிலும் விலை விழத் தொடங்கியது. அன்று தளத்தில் எனக்கு இருநூறு பேர் வாழ்த்துச் சொன்னார்கள்.

இது சமாதானம் இல்லை. நீ கேட்டாய், அந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று. அதற்குப் பதில்.

மாலகி

*

கிளாஸ்கோ
30 மே 2010

அன்புள்ள ஊனா,

நலமா? ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. எழுதச் சொல்லிக் கேட்கும் உரிமை எனக்கில்லை. ரோஷின் நன்றாக இருக்கிறாளா என்று மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போடு. டோனலிடம் நானே வந்து சொல்லட்டுமா? நீ சொன்னால் அடுத்த கப்பலில் வருகிறேன்.

மாலகி

*

கேரிக்-ஆன்-ஷானன்
4 ஜூலை 2010

அன்புள்ள மாலகி,

ரோஷின் நன்றாக இருக்கிறாள். பல் ஒன்று விழுந்திருக்கிறது.

மே மாதம் மூன்று தடவை எழுத உட்கார்ந்து மூன்று தடவையும் கிழித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். மன்னிக்கவில்லை என்று எழுதினால், அதற்கப்புறம் கோபத்தையும் வேளாவேளைக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அவ்வளவு தெம்பில்லை. காலையில் கடை, மாலையில் வங்கிக்குக் கடிதம், நடுவில் பிள்ளை. கோபத்தை எங்கேயோ வைத்தேன், எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

இஷ்பெல் விஷயத்தை நீ அன்றே சொல்லியிருந்தால், கப்பல் ஏறி வந்து உன்னோடு ஒரு வாரமாவது இருந்திருப்பேன். அதை நினைத்தால்தான் எரிச்சலாக வருகிறது.

மழைமானி காணாமல் போனதும் டோனல் இரண்டு நாள் அவனைத் தேடினார். பிறகு மடிக்கணினியை மூடி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். இப்போது காலி வீடுகளைச் சுற்றி வருகிறார். எங்கே குழாய் வெடித்திருக்கிறது, எங்கே கம்பியைத் திருடிவிட்டார்கள் என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

கிளாஸ்கோவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டுகிறார்களாம், ஒன்பது மாத வேலை இருக்கிறது என்று அவருடைய பழைய கூட்டாளி தகவல் சொல்லியிருக்கிறார். போவார் போலிருக்கிறது. உன் வீட்டில் தங்க இடம் கேட்டு நான் எழுத மாட்டேன். அவராகக் கேட்டால் நீயே முடிவு செய். ஆனால் அவரிடம் ஒன்றும் சொல்லாதே. உன் மனப்பாரம் இறங்குவதற்காக அவர் இன்னொன்றைச் சுமக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். காய்ச்சல் என்று எழுதியிருந்தாய், அது உண்மையோ பொய்யோ.

ஊனா

*

11, ஆல்டர் கோர்ட், கேரிக்-ஆன்-ஷானன்
25 ஜூலை 2010

மாலகி,

நலம் விசாரித்து எழுதிப் பழக்கமில்லை. நலமாகத்தான் இருப்பாய்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதியிலிருந்து உங்கள் ஊரில் எனக்கு வேலை. முதல் சம்பளம் வரும்வரை படுக்க ஒரு இடம் வேண்டும். கேட்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுவதுதான் முறை.

மழைமானி நீதான் என்று ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். படத்தின் ஓரத்தில் ஜன்னல் சட்டம் தெரிந்தது. அந்த வெள்ளைப் பூச்சு நான் அடித்தது. கோணல் எனக்குத் தெரியாதா. மேல்கோட்டு விஷயத்தைச் சாப்பாட்டு மேசையில் வேண்டுமென்றேதான் உரக்கப் படித்தேன். ஊனாவின் கை பாதியில் நின்றது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று புரிந்தது. கூடப் பிறந்தவனா, கட்டியவனா என்று அவளை நிறுத்தி வைக்க எனக்கு விருப்பமில்லை. தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

தெரிந்தும் ஏன் தொடர்ந்தேன் என்று கேட்பாய். முதலில் கோபம். கணக்குப் போட்டே வாழ்க்கையைத் தவறவிட்டவன் என்று எழுதியது உன்னைத் தெரிந்துதான் எழுதினேன். கிறிஸ்துமஸுக்குத் தனியாக வந்தாய், இஷ்பெல் பெயரைச் சொல்லும்போதெல்லாம் உப்புக் குப்பியைத் தேடினாய். அதை வைத்து அடித்தேன். அதில் நானும் யோக்கியன் இல்லை.

அதற்குப் பிறகு வேறு. பகல் முழுக்க இந்த வீட்டில் என்னோடு பேச ஆளில்லை. வேலை கேட்டு எழுதிய கடிதங்களுக்கு ஒருவனும் பதில் போடவில்லை. உனக்கு ஒன்று எழுதினால் கால் மணியில் பதில் வரும். வசவுதான், ஆனாலும் வரும்.

ரோஷின் படத்தைப் பார்த்த அன்று உன்னை அடிக்க வேண்டும் என்றிருந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை. தெரிந்துகொண்டு இடம் கொடு, அல்லது இல்லை என்று எழுது. வாடகை தருவேன். புறப்படும்போது ஊனாவிடம் நானே சொல்கிறேன். அதுவரை நீ வாயைத் திறக்காதே.

டோனல்

*

கிளாஸ்கோ
16 ஆகஸ்ட் 2010

அன்புள்ள ஊனா,

டோனல் நல்லபடியாக வந்து சேர்ந்தார். வேலைக்குப் போய் ஒரு வாரமாகிறது. காலை ஆறரைக்குக் கிளம்புகிறார், சாயங்காலம் களைத்து வருகிறார், பசித்துச் சாப்பிடுகிறார். நீயும் ரோஷினும் நலமா?

பேருந்து நிலையத்தில் அவரை முதலில் பார்த்தபோது, அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு கையில் கருவிப் பெட்டி, மறு கையில் துணிப் பை. பையை என்னிடம் கொடுத்தார், பெட்டியைக் கொடுக்கவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன். ஆமாம் என்றார். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"'எனக்கும் தெரியும்'னா. 'சரி, சாப்பாட்டு டப்பாவ பஸ்ல விட்டுடாதீங்க'ன்னா."



வீட்டுக்கு வந்து வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிச் சாப்பிட்டோம். பேப்பரைச் சுருட்டிப் போட்டுவிட்டு, அதையெல்லாம் நான் எங்கே உட்கார்ந்து எழுதினேன் என்று கேட்டார். சமையலறை மேசையைக் காட்டினேன். ஜன்னலோரம் ஒரு நாற்காலி. எதிரே பக்கத்துக் கட்டடத்தின் செங்கல் சுவர், அவ்வளவுதான் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் அதில் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்காக ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"தினமும் இங்கதானா?"

"ஆமா."

"சனி, ஞாயிறும்?"

"ஆமா. நீங்க எழுதுவீங்கள்ல."

அவர் அந்தச் சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருக்கிறாரா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே தள்ளி வைத்தார்.

"சரி, நான் எங்க படுக்கணும்?"

என் கட்டிலைக் கொடுத்தேன். மறுக்கவில்லை.

ரோஷினுக்கு என் அன்பைச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
மாலகி